கூரைமேல் இருக்கும் சோலாருக்கு ஓர் ஆள் வேண்டும்

அந்தப் பள்ளியில் மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை. துடைப்பம், உடைந்த பெஞ்சு, பழைய வரைபடச் சுருள் எல்லாம் போட்டு வைத்திருந்தார்கள். சுவரில், சோலார் பேனலில் வரும் மின்சாரத்தைக் கட்டிடம் பயன்படுத்தும் மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர். கதவைத் திறந்தபோது இருட்டில் அதன் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. பொத்தானை அழுத்திப் பழைய கணக்கைப் பார்த்தேன். அது கடைசியாக மின்சாரம் கொடுத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மேலே மொட்டை மாடியில் 90 பேனல்கள், மொத்தம் 30 கிலோவாட், நல்ல வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. கீழே ஒரு யூனிட்கூட வந்து சேரவில்லை.

"லைட் எரியுதே சார், ஓடுதுன்னுதான் நினைச்சேன்" என்றார் காவலாளி. சொல்லும்போதே அவர் முகம் வாடிவிட்டது. அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. சிவப்பு எரிந்தால் என்ன அர்த்தம், பச்சை எரிந்தால் என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இன்வெர்ட்டரின் பதிவுகளைப் பின்னோக்கிப் புரட்டினால் கதை முழுக்க அதிலேயே இருந்தது. முதலில் மழைக்கு மறுநாள் காலைகளில் மட்டும் ஓடத் தொடங்க ஒன்பது மணி ஆகியிருக்கிறது. அப்புறம் பத்து, பதினொன்று. அப்புறம் சில நாட்கள் மதியத்துக்கு மேல்தான். ஒரு நாள் முழுதாக நின்றுவிட்டது. இந்த மாதிரிப் பதிவைப் பார்த்தாலே இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்: எங்கோ ஓர் இணைப்பில் ஈரம் இறங்குகிறது. மாடிக்குப் போய்த் தேடினோம். மூன்றாவது வரிசைக்குக் கீழே, கேபிளைத் தூக்கிக் கட்டியிருந்த பிளாஸ்டிக் டேக் வெயிலில் பொடிந்து அறுந்திருந்தது. கேபிள் தொங்கி, பேனல் கம்பிகளை இணைக்கும் எம்.சி.4 கனெக்டர் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் கிடந்தது. உள்ளே பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. கம்பிக்கும் பூமிக்கும் நடுவே மின்சாரம் கசியாமல் தடுக்கும் காப்பு குறைந்துவிட்டதால், யாருக்கும் ஷாக் அடிக்கக் கூடாது என்று இன்வெர்ட்டர் தானாகவே ஓட மறுத்திருக்கிறது. அது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

கனெக்டரின் இரண்டு பாதிகளையும் ஒரே தயாரிப்பாளரின் புதுசாக மாற்றினோம். கேபிளை ஸ்டீல் கிளிப் போட்டு மேலே தூக்கினோம். முக்கால் மணி நேர வேலை. கீழே வந்து ஸ்விட்சைப் போட்டதும் உள்ளே ரிலே 'டக், டக்' என்றது. விளக்கு பச்சையானது. ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு 4 யூனிட் என்று குறைத்தே வைத்தாலும், 30 கிலோவாட்டுக்கு ஏழு மாதத்தில் 25,000 யூனிட் போய்விட்டது. ஒரு பிளாஸ்டிக் டேக் அறுந்ததற்கு இவ்வளவு.

பத்து வருடங்களுக்கு மேலாகக் கடைகள், கிடங்குகள், பள்ளிகள், அரசு அலுவலகங்கள் என்று கூரை கூரையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். பேனல் தானாகக் கெட்டுப்போய் நின்ற இடங்கள் மிகக் குறைவு. பேனல் கண்ணாடியும் சிலிக்கானும்தான். அதில் அசைகிற பாகமே கிடையாது. ஆண்டுக்கு அரை சதவீதம் அளவில் அதன் திறன் மெல்லக் குறையும், அவ்வளவுதான். 25 ஆண்டு உத்தரவாதம் என்று சும்மா சொல்வதில்லை. நின்றுபோன இடங்களில் எல்லாம் நான் பார்த்தது ஒன்றைத்தான்: அந்தச் சோலாரை 'என்னுடையது' என்று நினைக்க அந்தக் கட்டிடத்தில் ஒருவரும் இல்லை.

வீட்டில் இப்படி நடக்காது. சோலார் போட்டவரே பில்லையும் கட்டுகிறார். இரண்டாவது மாதம் பில் ஏறியதுமே மாடிக்கு ஓடுவார். பள்ளியில், நூலகத்தில், மருத்துவமனையில் கதை வேறு. போட வேண்டும் என்று முடிவெடுத்தது ஒரு குழு. பில் போய்ச் சேர்வது வேறெங்கோ இருக்கும் கணக்குப் பிரிவுக்கு. கூரை பராமரிப்புத் துறையின் பொறுப்பு. ஸ்விட்ச் போர்டு எலக்ட்ரீஷியன் பொறுப்பு. இன்வெர்ட்டர் அறையின் சாவி காவலாளியிடம். ஐந்து பேருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு, யாருக்கும் முழுசாக இல்லை. நான் மேலே சொன்ன பள்ளியில் இன்வெர்ட்டர் தினமும் இணையம் வழியாகக் கணக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஒரு நாள் யாரோ வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றினார்கள். அன்றோடு தகவல் நின்றது. நின்றதைக் கேட்க ஆள் இல்லை.

இது சின்னப் பள்ளிகளில் மட்டும் நடப்பதில்லை. 1979 ஜூனில் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் வெள்ளை மாளிகையின் கூரையில் 32 சூரியத் தகடுகளை வைத்தார். மின்சாரத்துக்கு அல்ல, தண்ணீர் சூடாக்க. ஒரு தலைமுறை கழித்து இது அருங்காட்சியகப் பொருளாகவும் ஆகலாம், பெரிய பயணத்தின் தொடக்கமாகவும் ஆகலாம் என்று அன்றைக்கே அவர் பேசினார். 1986-ல் கூரையில் பழுது பார்க்க வேண்டி வந்தது. தகடுகளைக் கழற்றி இறக்கினார்கள். வேலை முடிந்த பிறகு திரும்ப ஏற்றவில்லை. பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்து, பிறகு மெய்ன் மாநிலத்தில் உள்ள யூனிட்டி கல்லூரிக்குப் போய், அங்கே உணவுக்கூடத்துக்கு வெந்நீர் கொடுத்தன. அவற்றில் சில பின்னாளில் உண்மையாகவே அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. இதற்குப் பின்னால் இருந்த அரசியலைப் பற்றி நிறையப் பேசுவார்கள். என் கண்ணுக்கு முதலில் படுவது கூரைப் பழுது. கழற்றியதைத் திரும்ப மாட்ட வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை என்றால் எந்தக் கூரையிலும் இதுதான் நடக்கும்.

இதற்கு நேர் எதிராக இன்னொரு கூரை. வத்திக்கானில் பியர் லூயிஜி நெர்வி வடிவமைத்து 1971-ல் திறந்த ஆறாம் பால் அரங்கு. அதன் கூரைமேல் இருந்த கான்கிரீட் பலகைகள் பழுதாகி, மாற்ற வேண்டிய காலம் வந்தது. 2008-ல் அவற்றின் இடத்திலேயே ஏறக்குறைய 2,400 சோலார் பேனல்களை வைத்துவிட்டார்கள். அங்கே கூரைப் பழுதுதான் சோலார் உள்ளே வரக் கதவைத் திறந்தது. அதனால்தான் என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் பேனலைப் பற்றிப் பேசுவதில்லை. "கூரைக்கு வயது என்ன? கடைசியாக எப்போது நீர்க்கசிவுக்கு வேலை பார்த்தீர்கள்?" என்றுதான் கேட்பேன். 25 ஆண்டு இருக்கப்போகிற பேனலை, ஐந்து ஆண்டில் கொத்திப் பூச வேண்டிய தளத்தின்மேல் வைத்தால் ஒரு நாள் கழற்றத்தான் வேண்டும். முதலில் தளத்தைப் பூசுங்கள், அப்புறம் பேனல் வரட்டும்.

இப்படிக் குறைகளாகச் சொல்லிக்கொண்டே போனால் இது நிறுவனங்களுக்கு ஒத்துவராத விஷயம் என்று தோன்றிவிடும். உண்மை அதற்கு நேர்மாறானது. சோலாருக்கு என்றே அளவெடுத்துத் தைத்த இடம் இருக்கிறது என்றால் அது பகலில் ஓடும் கட்டிடம்தான். வீட்டில் ஆட்கள் வேலைக்குப் போன நேரத்தில் வெயில் அடிக்கிறது. விளக்கு போடும் நேரத்தில் வெயில் இல்லை. பள்ளியும் அலுவலகமும் காலையில் திறந்து மாலையில் மூடுகின்றன. வெயில் கொளுத்தும் நேரத்தில்தான் ஏசியும் மின்விசிறியும் அதிகம் ஓடுகின்றன. பேட்டரி இல்லாமல், வந்த மின்சாரத்தை வந்த நேரத்திலேயே பயன்படுத்திவிடலாம். கூரையும் பெரியது. பேனலுக்கு நடுவே நடக்க வழி விட்டு, ஒரு கிலோவாட்டுக்கு 10 சதுர மீட்டர் என்று தாராளமாக வைத்தாலும் ஒரு சாதாரணப் பள்ளிக்கூட மாடியில் 50 கிலோவாட் உட்கார்ந்துவிடும்.

ஆனால் கூரை கொள்ளும் அளவு வேறு, கட்டிடம் குடிக்கும் அளவு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பன்னிரண்டு மாத பில்லை வைத்துக்கொண்டு "வருஷத்துக்கு இவ்வளவு யூனிட், அப்படியானால் இவ்வளவு கிலோவாட்" என்று வகுத்துச் சொன்னால் அது பாதிக் கணக்குதான். அந்த யூனிட் எந்த மணி நேரத்தில் செலவானது என்று பார்க்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் இயங்கும் அலுவலகத்தில், சூரியன் தரும் ஏழில் இரண்டு பங்கு, அதாவது 28 சதவீதத்துக்கு மேல், ஆள் இல்லாத நாட்களில் வருகிறது. பள்ளியில் இன்னும் மோசம். பல நாடுகளில் வெயில் உச்சத்தில் இருக்கும் மாதங்களில்தான் நீண்ட விடுமுறை. மிச்சமாகும் மின்சாரத்தை ஊர் மின்கம்பி வலைப்பின்னலுக்கு அனுப்பிக் கணக்கில் கழித்துக்கொள்ள நெட் மீட்டரிங் இருக்கும் இடத்தில் கவலை குறைவு. அது இல்லாத இடத்திலும், அனுப்பும் யூனிட்டுக்குச் சொற்ப விலை வைக்கும் இடத்திலும், சனி ஞாயிறு வரும் வெயில் வீண்தான். அங்கே பேனல் எண்ணிக்கையைக் குறைத்துப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

இல்லையென்றால் வேலையை வெயில் நேரத்துக்கு நகர்த்தலாம். இதை ஓர் அலுவலகக் கட்டிடத்தில் செய்து பார்த்தோம். நிலத்தடித் தொட்டியிலிருந்து மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் தினமும் மாலை ஆறரைக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டால், ரொம்ப நாளாக அப்படித்தான். டைமரைத் திருப்பிப் பகல் பன்னிரண்டுக்கு வைத்தோம். ஸ்குரூ டிரைவரைத் தவிர வேறு எதுவும் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து தண்ணீர் முழுக்க வெயிலில் ஏறுகிறது. குடிநீர் நீரேற்று நிலையங்களும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் இந்த விதத்தில் பெரிய வாய்ப்பு. ஏழு நாளும் ஓடுபவை, பெரிய மோட்டார்கள், நேரத்தைக் கொஞ்சம் முன்பின் தள்ளலாம். குளிர்பதனக் கிடங்குகளும் அப்படியே. மதியம் ஒரு டிகிரி கூடுதலாகக் குளிர்வித்து வைத்தால் அந்தக் குளிரே மாலையில் சிறிது நேரம் தாங்கும்.

சோலாருக்கு முன்னால் செலவைக் குறைப்பதும் இதே கணக்கில் சேரும். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பேட்ஸ்வில் பள்ளி மாவட்டம் செய்தது எனக்குப் பிடித்த உதாரணம். முதலில் மின்சாரத் தணிக்கை நடத்தினார்கள். விளக்கு, ஜன்னல், குளிர்சாதனம் எல்லாவற்றையும் சீராக்கியதோடு 1,400-க்கும் மேற்பட்ட பேனல்களையும் வைத்தார்கள். மிச்சமானதில் ஒரு பெரும் பங்கு ஆசிரியர்களின் சம்பளத்துக்குப் போனது. வெயில் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

நிழலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அதில் நான் ஒரு முறை தவறியிருக்கிறேன். கோடைகாலத்தில் உச்சி வெயிலில் ஒரு கட்டிடத்தை அளந்தேன். லிப்ட் அறையின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. பேனலை அதற்கு அடுத்தே தொடங்கி வரைபடம் போட்டேன். நிலநடுக்கோட்டிலிருந்து விலகிப் போகப் போகக் குளிர்காலச் சூரியன் தாழ்வாகவே போகும் என்பது எனக்குத் தெரியாதது இல்லை; அந்த இடத்துக்கு அதைக் கணக்குப் போடாமல் விட்டுவிட்டேன். குளிர்காலம் வந்தது. அதே நிழல் நீண்டு இரண்டு வரிசைகளை மூடியது. ஒரு பேனலில், மின்சாரம் தயாரிக்கும் சிறு கட்டங்களான செல்கள் எல்லாம் சங்கிலி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கும். ஒன்றின்மேல் நிழல் விழுந்தால் அந்தச் சங்கிலியில் ஓடும் மின்னோட்டம் முழுவதும் அதில் முட்டி நிற்கும். அதைச் சுற்றிப் போக வழிவிட ஒரு பேனலுக்குப் பொதுவாக மூன்று டயோடுகள் வைக்கிறார்கள். அதனால் ஒரே ஒரு கம்பத்தின் நிழல் குறுக்கே விழுந்தாலும் பேனலில் மூன்றில் ஒரு பங்கோ முழுதுமோ போய்விடலாம். அந்த 12 பேனல்களையும் கழற்றி வேறு பக்கம் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எந்தக் கூரைக்குப் போனாலும் வருடத்தின் மிகக் குறுகிய பகலில் நிழல் எங்கே விழும் என்று பார்த்துவிட்டுத்தான் கோடு போடுகிறேன்.

வெயில் அதிகமானால் மின்சாரம் அதிகமாகும் என்பதும் பாதிதான் சரி. வெளிச்சம் வேண்டும், சூடு கூடாது. பேனலின் அட்டையில் இருக்கும் வாட் எண் 25 டிகிரியில் அளந்தது. கூரையில் பேனல் 65 டிகிரி வரை கொதிக்கும். டிகிரிக்கு 0.35 சதவீதம் வீதம் குறைந்தால் 14 சதவீதம் அங்கேயே போய்விடும். ஆகவே தளத்தோடு ஒட்டி வைக்காமல் கீழே காற்றோட இடம் விடுங்கள். கழுவுவதாக இருந்தால் விடியற்காலையில் கழுவுங்கள்; கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் விரிசல் விழலாம். பேனல்மேல் ஏறி மட்டும் நிற்காதீர்கள். மேலே ஒன்றும் தெரியாது, உள்ளே செல் கீறிவிடும்.

நான் போகும் பாதி இடங்களில் மக்கள் மனம் உடைவது இந்த ஒரு விஷயத்தில்தான். திறப்பு விழா நடந்து மூன்றாவது வாரம் மின்சாரம் போகிறது. மேலே வெயில் கொளுத்துகிறது, ஆனால் வகுப்பில் மின்விசிறி நின்றுவிட்டது. தலைமை ஆசிரியர் போனில் கேட்கிறார், "சார், சோலார் இருந்துமா?" ஆமாம், சோலார் இருந்தும்தான். வலைப்பின்னலோடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், வெளி மின்சாரம் போனால் தானும் நிற்க வேண்டும். அமெரிக்காவில் மின்பொறியாளர்கள் அமைப்பான ஐ.ட்ரிபிள்.இ. வகுத்த 1547 விதிமுறை இதற்கு 2 விநாடிதான் தருகிறது. காரணம், அந்த நேரத்தில் கம்பத்தில் ஒரு தொழிலாளி ஏறியிருப்பார். லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பியைத் தொடுகிறவருக்கு நம் கூரையிலிருந்து மின்சாரம் போகக் கூடாது. இதைச் சொன்னால் எல்லோருமே உடனே புரிந்துகொள்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம்.

மின்சாரம் போனாலும் ஓட வேண்டும் என்றால் பேட்டரியும், தனித்து ஓடக்கூடிய இன்வெர்ட்டரும் வேண்டும். பள்ளிக்கு அது எப்போதும் தேவைப்படாது. மருத்துவமனைக்குத் தேவை. 2017 செப்டம்பரில் மரியா புயல் புவெர்ட்டோ ரிக்கோ தீவின் மின்கம்பிகளைத் துடைத்துப்போட்டது. அடுத்த மாதமே சான் ஹுவானில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையின் வாகன நிறுத்துமிடத்தில் டெஸ்லா நிறுவனம் பேனல்களையும் பேட்டரிகளையும் நிறுத்தியது. கம்பி வந்து சேரும் முன் வெயில் வந்து சேர்ந்தது. ஆம்ஸ்டர்டாமின் யோஹன் கிராய்ஃப் விளையாட்டரங்கில் கூரையில் 4,200 பேனல்கள். 2018-ல் அதோடு 148 மின்சாரக் கார்களுக்குச் சமமான பேட்டரிகளையும் இணைத்தார்கள். அதில் பழைய கார்களிலிருந்து எடுத்தவையும் உண்டு.

தீயணைப்பு வீரர்களையும் நினைக்க வேண்டும். மெயின் ஸ்விட்சை அணைத்தாலும், வெயில் இருக்கும்வரை பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரை வரும் கம்பியில் உயிர் இருக்கும். 600, 800 வோல்ட் நேர்மின்சாரம். அமெரிக்காவின் தேசிய மின்சார விதித்தொகுப்பு 2014-ல் இதற்கென்று அவசர நிறுத்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 2017 பதிப்பு, பேனல் வரிசைக்குள்ளேயே 30 விநாடிக்குள் 80 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வழி கேட்டது. சட்டம் கேட்காத இடத்திலும் நான் ஒன்றை விடாமல் செய்கிறேன்: கம்பி எந்த வழியாக வருகிறது, ஸ்விட்ச் எங்கே என்று ஒரு படம் வரைந்து வாசல் பக்கச் சுவரில் ஒட்டுகிறேன். குழந்தைகள் நிறைந்த கட்டிடத்துக்குள் ஓடி வருகிறவர் அதைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

பணம் போடாமல் கூரையை மட்டும் கொடுத்து, வேறொரு நிறுவனம் பேனல் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தங்கள் இப்போது நிறைய. முதல் போட இயலாத பள்ளிகளுக்கு அது நல்ல வழி. பராமரிப்பும் அவர்கள் தலையில் என்பதால், 'யாருடையது' என்ற கேள்விக்கு ஒரு பதிலும் கிடைத்துவிடுகிறது. ஆனால் 15, 20, 25 ஆண்டுக் கையெழுத்து அது. கூரையில் வேலை வந்தால் யார் கழற்றுவது, யார் திரும்ப மாட்டுவது, அந்த நாட்களுக்கு யார் ஈடு கொடுப்பது என்பதை எழுத்தில் வாங்குங்கள். வெள்ளை மாளிகைக் கதையை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இன்வெர்ட்டர்: 10 முதல் 15 ஆண்டில் அதை ஒரு முறை மாற்ற வேண்டி வரும். சொந்தமாகப் போடுகிறவர்கள் அதற்கு இன்றே ஒதுக்கி வையுங்கள்.

சரி, அந்தப் பள்ளிக்கு வருகிறேன். பழுது பார்த்த அன்று தலைமை ஆசிரியரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: இதற்கு ஓர் ஆள் வேண்டும், பெயரோடு. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஆய்வக உதவியாளரைக் கூப்பிட்டார். அவர் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டார். துடைப்ப அறையைக் காலி செய்து, சுவரில் இன்வெர்ட்டர் பக்கத்திலேயே ஒரு சிறு கரும்பலகையை மாட்டினார்கள். தினமும் பள்ளி விடும் நேரத்தில் அன்றைய யூனிட்டை அதில் எழுத வேண்டும். பக்கத்தில் வானம் எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை. காவலாளிக்கும் விளக்கின் நிறங்களை அந்தப் பிள்ளைகளே சொல்லிக் கொடுத்தார்கள்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு மாலையில் போன் வந்தது. ஒரு மாணவி.

"சார், நேத்து 118 வந்துச்சு. இன்னைக்கு 94-தான். வானம் நல்லா தெளிவா இருந்துச்சு சார். விளக்கு பச்சைதான்."

மாடியில் வரிசைக்கு 18 பேனலாக ஐந்து வரிசை. ஐந்தில் ஒன்று போனால் 118-ல் ஏறக்குறைய 24 குறையும். அவள் சொன்ன எண்ணைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. விளக்கு பச்சையாகவே இருக்கும்போது இந்தக் குறைவைக் கண்டுபிடிப்பது லேசான காரியம் இல்லை. நிறைய இடங்களில் இது வருடக்கணக்கில் கண்ணில் படாமலே போகிறது. மறுநாள் போய்ப் பார்த்தேன். நான்காவது வரிசையின் ஃபியூஸ் போயிருந்தது. பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்க, மெயினை நிறுத்தி, மீட்டரை வைத்து அளந்து காட்டிவிட்டுப் புது ஃபியூஸ் போட்டேன்.

நான் கிளம்பும்போது அவள் பலகையில் 94-க்குப் பக்கத்தில் 'வெயில்' என்று எழுதியிருந்ததற்குக் கீழே, சின்ன எழுத்தில் 'நான்காவது வரிசை, ஃபியூஸ்' என்று எழுதிக்கொண்டிருந்தாள்.